‘வேலையை விட்ட பின் இரண்டு வருடம் இதே தொழிலுக்குப் போகக்கூடாது’: இந்தக் கையெழுத்து செல்லுமா?

கேள்வி:

வணக்கம் மேடம். நான் 28 வயதுப் பெண். கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில், தண்ணீர் சுத்திகரிப்பு பிளான்ட் போட்டுத் தரும் ஒரு நிறுவனத்தில் நாலரை வருடம் வேலை பார்த்தேன். அபார்ட்மென்ட்டுகளுக்கும் சின்னத் தொழிற்சாலைகளுக்கும் ஆர்.ஓ. பிளான்ட் வடிவமைப்பது, பிறகு ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்ப்பது என் வேலை. போன மாதம் முறைப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, லேப்டாப் உட்பட எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். கிண்டியில் இதே துறையில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பத்து நாளில் சேர வேண்டும்.

இந்த நேரத்தில் பழைய கம்பெனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. சேரும்போது 100 ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று வருடம் வேலையை விடக்கூடாது என்று அதில் இருந்தது, அது முடிந்துவிட்டது. ஆனால் வேலையை விட்ட பிறகு இரண்டு வருடம் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இதே தொழில் செய்யும் எந்த நிறுவனத்திலும் சேரக்கூடாது, தனியாகவும் செய்யக்கூடாது, கம்பெனியின் வாடிக்கையாளர்களோடு எந்தத் தொடர்பும் கூடாது, மீறினால் 5 லட்சம் கட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. அப்பா ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கிறார். என் ஒரிஜினல் டிகிரி சர்டிஃபிகேட்டும், தொகை எழுதாத ஒரு செக்கும் அவர்களிடம் இருக்கின்றன. ரிலீவிங் லெட்டர் தரவில்லை. கிண்டி கம்பெனிக்கும் நோட்டீஸ் போடுவோம் என்கிறார்கள்.

“நம்ம குடும்பத்துல யாரும் கோர்ட் வாசப்படி ஏறினதில்ல” என்று அப்பா புலம்புகிறார், சரியாகத் தூங்குவதில்லை. என் சொந்த போனில் வாடிக்கையாளர் நம்பர்கள் இருக்கின்றன. அதுவும் தப்பா? நான் அந்த வேலையில் சேரலாமா?

– பெயர் வேண்டாம், கொரட்டூர்

பதில்:

சேருங்கள். அந்த வேலையை இழக்க உங்களுக்குச் சட்டத்தில் ஒரு காரணமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் நிதானமாகப் படிக்க அந்தத் தெளிவு வேண்டும்.

மாதம் தவறாமல் யாராவது ஒருவர் இதே மாதிரி காகிதத்தோடு பாரிமுனையில் இருக்கும் என் அறைக்கு வருகிறார்கள். ஐ.டி. பையன்கள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பியூட்டி பார்லர் பெண்கள், நீட் கோச்சிங் ஆசிரியர்கள், பிசியோதெரபிஸ்ட்டுகள், சி.என்.சி. புரோகிராமர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் முதலில் சொல்வது ஒன்றுதான்: “கையெழுத்து போட்டுட்டேன் மேடம்.” ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போலச் சொல்வார்கள். உங்கள் கடிதத்திலும் அந்தப் பயம் தெரிகிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாம் கையெழுத்து போட்டதாலேயே எல்லா ஒப்பந்தமும் செல்லுபடியாகிவிடாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சட்டபூர்வமான எந்தத் தொழிலையும் வேலையையும் வியாபாரத்தையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அப்படித் தடுக்கும் அளவுக்குச் செல்லாது என்பதுதான் அதன் சாரம். வியாபாரத்தை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்றுவிட்டவர், பக்கத்திலேயே அதே வியாபாரத்தை மறுபடி தொடங்க மாட்டேன் என்று நியாயமான எல்லைக்குள் ஒப்புக்கொண்டால் அது செல்லும். அது ஒன்றுதான் அந்தப் பிரிவிலேயே சொல்லப்பட்ட விதிவிலக்கு. சம்பளத்துக்கு வேலை பார்த்தவரை அதில் சேர்க்கவில்லை. முத்திரைத்தாளைப் பார்த்து அப்பா மிரள வேண்டாம். முத்திரைத்தாள் என்பது அரசுக்குக் கட்டணம் கட்டியதற்கு அடையாளம், அவ்வளவுதான். செல்லாத ஷரத்து 100 ரூபாய்த் தாளில் ஏறினாலும் செல்லாததுதான்.

இந்தப் பிரிவை நீதிமன்றம் அன்றிலிருந்தே கண்டிப்பாகத்தான் படித்து வருகிறது. சட்டம் வந்து இரண்டே வருடத்தில், 1874-ல், கல்கத்தாவில் ஒரு வழக்கு. ஒரே வட்டாரத்தில் கடை வைத்திருந்த இருவரில் ஒருவர் மற்றவரிடம், நீ இங்கே கடையை மூடிவிடு, பணம் தருகிறேன் என்றார். அவரும் மூடினார். பணம் வரவில்லை. வழக்குப் போட்டார், தோற்றார். கடையை மூடச் சொன்ன ஒப்பந்தமே செல்லாது, ஆகவே அதன் பேரில் பணமும் கேட்க முடியாது என்றது உயர் நீதிமன்றம். அந்த ஒரு பகுதியில் மட்டும்தானே தடை என்ற வாதமும் எடுபடவில்லை. “தமிழ்நாடு, புதுச்சேரி மட்டும்தான்” என்று உங்கள் நோட்டீஸில் எழுதியிருக்கிறார்களே, அதற்கான பதில் 150 வருடத்துக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது.

பின்னே ஏன் எல்லா கம்பெனியும் இதை எழுதி வாங்குகிறது என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் சட்டம் வேறு. அங்கே நியாயமான அளவில் இருந்தால் இப்படித் தடுக்கலாம். வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஒப்பந்தங்களை மாதிரியாக வைத்து இங்கே எச்.ஆரில் நகல் எடுக்கிறார்கள். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு அந்த ஃபைல் அப்படியே போகிறது. 1958-ல் சட்ட ஆணையம் தன் 13-ஆவது அறிக்கையில், நம் நாட்டிலும் நியாயமான தடைகளை அனுமதிக்கும்படி 27-ஆம் பிரிவைத் திருத்தலாம் என்று பரிந்துரைத்தது. அது நிறைவேறவில்லை. நிறைவேறாமல் போனது நல்லதுதான் என்று நான் மனதார நம்புகிறேன். எது நியாயம் என்று வழக்காடி முடிப்பதற்குள், இருபதாயிரம் முப்பதாயிரம் சம்பளக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது.

சரி, எதிர்த்தரப்பு வக்கீல் என்னென்ன சொல்வார் என்று பார்க்கலாம். அவர் கையில் மூன்று தீர்ப்புகள் இருக்கும்.

முதலில் 1967-ஆம் ஆண்டின் கோலிகாரி வழக்கைக் காட்டுவார். கல்யாணில் டயருக்கான நூல் தயாரிக்கும் ஆலை ஒன்றில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தவர், இடையிலேயே விலகி, கூடுதல் சம்பளத்துக்குக் கோட்டாவில் ஒரு போட்டி நிறுவனத்துக்குப் போனார். உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிரான தடையை உறுதி செய்தது. கேட்கும்போது பயமாக இருக்கும். ஆனால் அந்தத் தடை, அவர் ஒப்புக்கொண்ட ஐந்து வருடம் முடியும் வரைதான். ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு இடத்தில் வேலை செய்யாதே என்பது வேறு, எல்லாம் முடிந்த பிறகும் செய்யாதே என்பது வேறு. உங்களுடையது இரண்டாவது ரகம். ஆகவே அந்தத் தீர்ப்பு உங்களைத் தொடாது.

அடுத்தது 1980-ஆம் ஆண்டின் கிருஷ்ண முர்காய் வழக்கு. சரக்குகளின் தரம், எடை பார்த்துச் சான்று தரும் ஒரு நிறுவனத்தின் டெல்லி மேலாளரை நிறுவனமே வேலையிலிருந்து அனுப்பியது. அவர் டெல்லியிலேயே அதே தொழிலைத் தொடங்கினார். இரண்டு வருடத் தடை ஷரத்தைக் காட்டி நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். அங்கே பெரும்பான்மை நீதிபதிகள், வேலையை ‘விட்டால்’ என்றுதான் ஷரத்தில் இருக்கிறது, இவர் விடவில்லை, நீக்கப்பட்டார் என்ற அளவில் தீர்ப்பை நிறுத்திக்கொண்டார்கள். நீதிபதி ஏ.பி. சென் மட்டும் ஒரு படி மேலே போய், வேலை முடிந்த பிறகான தடை 27-ஆம் பிரிவின்படி செல்லாது என்று விரிவாக எழுதினார். “நீங்களாக விட்டீர்கள், ஆகவே அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவாது” என்று எதிர்த்தரப்பு வாதிடலாம்.

அதற்குப் பதில் 2006-ல் கிடைத்தது, அதுவும் ஒரு கிரிக்கெட் வீரர் வழியாக. வேகப்பந்து வீச்சாளர் ஜாகீர் கானின் விளம்பர ஒப்பந்தங்களைக் கவனித்துவந்த நிறுவனம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறு யாரிடமும் போவதற்கு முன் எங்களுக்குத்தான் முதல் வாய்ப்புத் தர வேண்டும் என்று ஒரு ஷரத்து வைத்திருந்தது. முழுத் தடைகூட இல்லை, முதல் வாய்ப்பு மட்டும்தான். அதுவும் ஒப்பந்தக் காலத்துக்குப் பிறகு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முர்காய் வழக்கில் நீதிபதி சென் எழுதிய நிலைப்பாடு இன்று உறுதியாக நிற்கிறது என்று நான் நீதிமன்றத்தில் எழுந்து நின்று தயங்காமல் சொல்வேன்.

மூன்றாவதாக, 2025 மே மாதத் தீர்ப்பை உங்களிடம் நீட்டுவார்கள். செய்திகளில் நிறைய அடிபட்டது. விஜயா வங்கியில் சேர்ந்த ஓர் அதிகாரி, மூன்று வருடம் முடிவதற்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்ந்தார், இடையிலேயே வேறு வங்கிக்குப் போனார். கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டார். நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. “பார்த்தீர்களா, பாண்டு செல்லும்” என்று அதை வைத்து உங்களை மிரட்டப் பார்ப்பார்கள். அதைப் படித்தால் நேர்மாறாக இருக்கும். அந்த ஷரத்து வேலையில் இருக்கும் காலத்தைப் பற்றியது, வேறு வேலைக்குப் போகவே கூடாது என்று அது தடுக்கவில்லை, அதனால்தான் 27-ஆம் பிரிவு அதைத் தொடவில்லை என்பதே நீதிமன்றம் சொன்ன காரணம். பொதுத்துறை வங்கி மறுபடி ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஆகும் செலவையும் அலைச்சலையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். உங்களுக்கு மூன்று வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. நாலரை வருடம் உழைத்திருக்கிறீர்கள். அந்தப் பாண்டுக் கணக்கு தீர்ந்தது.

அப்புறம் அந்த 5 லட்சம். மீறினால் என்று ஒரு தொகையைப் போட்டுவிட்டால் அது அப்படியே கிடைத்துவிடாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, செல்லுபடியாகும் ஷரத்தை மீறினாலும்கூட நியாயமான இழப்பீடுதான். எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. இங்கே ஷரத்தே செல்லாது என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இவ்வளவும் உங்களுக்குச் சாதகமான பக்கம். இனி சொல்லப்போவதை இரண்டு முறை படியுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த ஒரே வரி அந்த போன் நம்பர் வரிதான்.

27-ஆம் பிரிவு ‘அந்த அளவுக்கு’ மட்டும்தான் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது என்று சொன்னேன் அல்லவா? மீதி ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது. கம்பெனியின் ரகசியங்களை வெளியே கொண்டு போக மாட்டேன் என்று எழுதியிருப்பீர்கள், அது செல்லும். எழுதாவிட்டாலும் அந்தக் கடமை உண்டு. இந்த மாதிரி வழக்குகளில் ஊழியர்கள் தோற்றார்கள் என்றால், வேறு வேலைக்குப் போனதற்காகத் தோற்கவில்லை. போகும்போது எதையோ எடுத்துக்கொண்டு போனதற்காகத் தோற்றார்கள்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பையன் வந்தான். மிஷின் பாகங்கள் விற்கும் ஒரு கம்பெனியில் சேல்ஸ். நல்ல பையன், கெட்ட எண்ணம் துளியும் இல்லை. கடைசி நாளுக்கு முந்தைய இரவு 11 மணிக்கு மேல் மூன்று எக்செல் ஃபைல்களைத் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொண்டான். ஒன்றில் வாடிக்கையாளர் வாரியாகக் கொடுத்த தள்ளுபடி, ஒன்றில் கொள்முதல் விலை, மூன்றாவதில் அவனுடைய சொந்த இன்சென்டிவ் கணக்கு. அந்த மூன்றாவதற்காகத்தான் உட்கார்ந்தான், மற்ற இரண்டும் அதே ஃபோல்டரில் இருந்ததால் சேர்த்து அனுப்பிவிட்டான். கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களில் சர்வர் பதிவின் பிரின்ட் அவுட் ஒன்று இருந்தது. நூறு வரிகளுக்கு நடுவில் ஒரே ஒரு வரியில் மஞ்சள் மார்க்கர். தேதி, நேரம், ஃபைல் பெயர், அனுப்பிய முகவரி. அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்ததை நான் இன்னும் மறக்கவில்லை. புதிய வேலைக்குத் தடை வரவில்லை. ஆனால் அந்தத் தகவல்களைப் பயன்படுத்தக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. ஃபைல்களை அழித்ததாகப் பிரமாணப் பத்திரம் போட வேண்டியிருந்தது. எட்டு மாதம் அலைந்தான். புதிய இடத்தில் அவனைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனது.

இதில் கிரிமினல் பக்கமும் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கம்பெனி கம்ப்யூட்டரிலிருந்து தகவலை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வருகிறது. நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது.

அப்படியானால் எது உங்களுடையது, எது அவர்களுடையது? உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். ஒரு பிளான்ட்டுக்குள் நுழைந்து, தண்ணீரை வடிகட்டும் சவ்வான மெம்பிரேனுக்கு முன்னும் பின்னும் இருக்கும் பிரஷர் கேஜ் இரண்டையும் பார்த்ததும், வித்தியாசம் ஏறியிருக்கிறது, அடைக்க ஆரம்பித்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவையும் (டி.டி.எஸ்.) கடினத்தன்மையையும் பார்த்து, எத்தனை மெம்பிரேன், எவ்வளவு தண்ணீர் தேறும், எவ்வளவு கழிவாகப் போகும் என்று மனதிலேயே போடும் கணக்கு உங்களுடையது. நாலரை வருடம் ஈரத் தரையில் நின்று கற்றது அது. அதைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. பழைய கம்பெனியின் காஸ்டிங் ஷீட், எந்த சப்ளையரிடம் என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்ற பட்டியல், அவர்கள் பணம் செலவழித்து உருவாக்கிய ரசாயனக் கலவை விகிதம், எந்த ஏ.எம்.சி. எந்தத் தேதியில் எவ்வளவு தொகைக்குப் புதுப்பிக்க வருகிறது என்ற ரெஜிஸ்டர், இவையெல்லாம் அவர்களுடையவை. ஃபைலாக இருந்தாலும் சரி, போட்டோவாக இருந்தாலும் சரி, வாட்ஸ்அப்பில் பழைய குரூப்பில் கிடந்தாலும் சரி.

போன் நம்பர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. ஓர் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளரின் பெயரும் நம்பரும் அந்த வாசலில் இருக்கும் போர்டிலேயே தெரியும். அது ரகசியம் ஆகாது. 2006-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி, விலகிப் போன ஒரு பெண் அதிகாரி மீது இதே மாதிரி வாடிக்கையாளர் விவரங்களைக் காட்டி டெல்லி உயர் நீதிமன்றத்தில் தடை கேட்டது. ரகசியம் என்ற பெயரைச் சொல்லி ஒருவரின் நல்ல வேலை தேடும் உரிமையை முடக்க முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது. ஆகவே நம்பர் இருப்பதே தப்பில்லை. ஆனால் பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். நோட்டீஸ் வந்த மறுநாள் அழித்தால், எதையோ மறைக்கிறீர்கள் என்ற கதைக்கு நீங்களே சாட்சி சொன்னது போல் ஆகும். பழைய கம்பெனி குரூப்புகளிலிருந்து வெளியேறுங்கள். போனில் கம்பெனி ஃபைல் ஏதாவது இருந்தால் திறக்காமல், ஃபார்வேர்ட் செய்யாமல் அப்படியே வைத்துக்கொண்டு, உங்கள் வக்கீலிடம் காட்டிவிட்டு அவர் சொல்கிறபடி திருப்பி ஒப்படையுங்கள்.

வாடிக்கையாளர்களைத் தொடர்பு கொள்ளக்கூடாது என்ற ஷரத்தைப் பற்றி நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. அதனால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள் என்பது என் யோசனை. அவர்களாகக் கூப்பிட்டால் பேசலாம், மரியாதையாகப் பதில் சொல்லலாம். நீங்களாகப் பழைய வாடிக்கையாளர்களை வரிசையாகக் கூப்பிட்டு, அந்த ஏ.எம்.சி.யை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள் என்று முதல் வருடம் கேட்காதீர்கள். சென்னையில் நல்ல தண்ணீருக்குத் தவிக்கும் அபார்ட்மென்ட்டுகளுக்கா பஞ்சம்? புதியவர்களைத் தேடிப் போங்கள்.

இன்னொன்றும் கேட்டே ஆக வேண்டும். பழைய இடத்தில் நோட்டீஸ் காலத்தில் இருந்தபோதே கிண்டி கம்பெனிக்காக ஏதாவது டிசைன் போட்டுக் கொடுத்தீர்களா, கொட்டேஷன் பார்த்துச் சொன்னீர்களா? அந்த நாட்களில் நீங்கள் பழைய கம்பெனி ஊழியர்தான். அப்படி ஏதாவது செய்திருந்தால் உங்கள் வக்கீலிடம் ஒளிக்காதீர்கள்.

பழைய முதலாளியின் பக்கமும் எனக்குப் புரிகிறது. படித்து முடித்து வந்தவருக்கு முதல் ஒரு வருடம் சம்பளம் கொடுத்துச் சொல்லிக்கொடுத்து, கை தேறியதும் பக்கத்துத் தெருக் கம்பெனி தூக்கிக்கொண்டு போனால் யாருக்கும் வயிறு எரியும். அதற்குத்தான் சட்டம் மூன்று வருடப் பாண்டுக்கு இடம் தந்திருக்கிறது, ரகசியத்துக்கும் காவல் தந்திருக்கிறது. அந்த இரண்டையும் நீங்கள் மதித்திருக்கிறீர்கள். அதற்கு மேல் உங்கள் பிழைப்பைப் பூட்டி வைக்க அவருக்கு உரிமை இல்லை.

இனி செய்ய வேண்டியது. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் விடாதீர்கள். அவர்கள் கொடுத்த கெடுவுக்குள் ஒரு பக்கத்தில் பதில் போதும். மூன்று வருடப் பாண்டு முடிந்தது, நோட்டீஸ் காலம் முடித்தேன், இன்ன தேதியில் இன்னின்ன பொருளை ஒப்படைத்தேன், கம்பெனித் தகவல் எதையும் பயன்படுத்தவில்லை, பயன்படுத்த மாட்டேன், இரண்டு வருடத் தடை 27-ஆம் பிரிவின்படி செல்லாது. கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். நாளைக்கு நீதிபதி கையில் போகும் காகிதம் அது.

அதே பதிலிலேயே சர்டிஃபிகேட்டையும் செக்கையும் ரிலீவிங் லெட்டரையும் கேளுங்கள். உங்கள் பட்டச் சான்றிதழை அடகுப் பொருள் மாதிரிப் பிடித்து வைக்க ஒரு முதலாளிக்கு உரிமை கிடையாது. கட்டண பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்து வைத்த கல்லூரிகளின் வழக்கிலேயே, சான்றிதழ் விற்கக்கூடிய சரக்கு அல்ல, அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. செக் விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். அது மூன்று வருடப் பாண்டுக்குப் பிணையாகக் கொடுத்தது, பாண்டு முடிந்துவிட்டது, தர வேண்டிய கடன் எதுவும் இல்லை என்று எழுத்தில் பதிவு செய்யுங்கள். அவர்கள் தொகை எழுதி வங்கியில் போட்டு, செக் திரும்பி, அதற்காக உங்களுக்குத் தனியாக நோட்டீஸ் வந்தால் உடனே பதில் போக வேண்டும். அந்த நோட்டீஸுக்குச் சட்டம் தரும் அவகாசம் 15 நாள்தான்.

அடுத்தது கேவியட். எனக்குத் தெரியாமல், என்னைக் கேட்காமல் எந்த இடைக்காலத் தடையும் கொடுக்காதீர்கள் என்று நீதிமன்றத்தில் முன்கூட்டியே போடும் மனு அது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவு. போட்ட நாளிலிருந்து 90 நாள் உயிரோடு இருக்கும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் என்று ஒரு வரி இருக்கும். அம்பத்தூரிலா, பாரிமுனை சிட்டி சிவில் கோர்ட்டிலா என்று அதை வைத்து வக்கீல் முடிவு செய்வார். சந்தேகமாக இருந்தால் இரண்டு இடத்திலும் போட்டுவிடலாம், செலவு குறைவுதான். வேலையில் சேரும் நாளுக்கு முன்னால் இது போயாக வேண்டும். பிரச்சினை நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்று ஷரத்து இருந்தால் அதையும் வக்கீலிடம் மறக்காமல் காட்டுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் மாநில ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். இந்த வசதி இருப்பது தெரியாமலேயே எத்தனையோ பெண்கள் நகையை அடகு வைத்து வக்கீலுக்குக் கொடுக்கிறார்கள்.

கிண்டி கம்பெனியிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். நோட்டீஸின் நகலையும் உங்கள் பதிலின் நகலையும் எச்.ஆரிடம் கொடுங்கள். பழைய கம்பெனியின் கவரை அவர்கள் பிரிக்கும்போது அது பழைய செய்தியாக இருக்க வேண்டும். செல்லாத ஷரத்தை மீறியதற்கு உங்களைச் சேர்த்துக்கொண்ட கம்பெனி மீதும் பொறுப்பு வராது. பழைய கம்பெனித் தகவல் எதையும் கொண்டு வரவில்லை என்று ஒரு மெயில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சேருங்கள், உங்களுக்கும் அவர்களுக்கும் அது நல்லது. கையோடு இன்னொன்று: அவர்கள் நீட்டும் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை, சந்தோஷத்தில் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல், முழுவதும் படியுங்கள். இதே ஷரத்து அங்கேயும் இருக்க வாய்ப்பு அதிகம். கையெழுத்துக்கு முன்னால் அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். செக்கும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் மட்டும் இந்த முறை யாருக்கும் கொடுக்காதீர்கள். நகல் போதும்.

கடைசியாக அப்பாவுக்கு. முடிந்தால் இந்தப் பகுதியை அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

ஐயா, நீங்கள் போட்ட ஜாமீன் கையெழுத்து தனியாக நிற்கும் ஒன்றல்ல. ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு, யாருக்காக ஜாமீன் நின்றாரோ அவருடைய பொறுப்பின் அளவுக்குத்தான். உங்கள் மகள் மூன்று வருடம் வேலை பார்ப்பார் என்று நின்றீர்கள், அவர் நாலரை வருடம் பார்த்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு வருடத் தடையின் பேரில் அவரிடமே ஒரு ரூபாய் கேட்க முடியாதபோது, உங்களிடம் கேட்க என்ன இருக்கிறது? உங்கள் வீட்டையோ பென்ஷனையோ இதற்காக யாரும் தொட முடியாது. இது போலீஸ் விவகாரம் அல்ல, வந்திருப்பது கம்பெனி வக்கீல் எழுதிய ஒரு கடிதம். கோர்ட்டுக்கே போக வேண்டி வந்தாலும், முதல் சில வாய்தாக்களுக்கு வக்கீல் ஆஜரானால் போதும், நீங்கள் படியேற வேண்டியதில்லை. மகளின் பழைய ஆர்டர், பாண்டு நகல், ராஜினாமா மெயில், லேப்டாப் ஒப்படைத்த ரசீது, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இந்த ஐந்தையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். வக்கீலைப் பார்க்கப் போகும்போது அதை நீங்களே எடுத்துக்கொண்டு அவரோடு போய் வாருங்கள்.